எழுந்திருக்காத மருமகள்

வருங்கால மாமியார் லோகநாயகியின் காலில் விழுந்த சத்யப்பிரியா எழுந்திருக்கவில்லை.

கடலூர் மண்டபமே கிறுகிறுவென்று சுற்றியது. ஜமுக்காளத்தை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு, கண்களை இறுக மூடிக் கிடந்தாள்.

இந்தக் காலத்தில் இவ்வளவு மரியாதையா என்று மாப்பிள்ளை வீட்டார் மெச்சிக்கொண்டார்கள்.

மரியாதையாவது மண்ணாவது. போன வாரம்தான் சிதம்பரத்தில் மேல்தாடை எலும்பைத் தட்டித் தட்டி அவளுக்கு ஒரு கடைவாய்ப்பல் பொருத்தியிருந்தார்கள். தட்டிய அதிர்வில் காதுக்குள் இருக்கும் பொடிக்கல் இடம் மாறிவிட்டதாம். குனிந்தால் தலை சுற்றும், போகப் போகச் சரியாகிவிடும் என்றார் டாக்டர். நிச்சயதார்த்தத்தில் எத்தனை பேர் காலில் விழ வேண்டும் என்று அவருக்கு என்ன தெரியும், பாவம்.

பல் கட்டியதை அம்மா மூடி மறைத்திருந்தாள். கல்யாணத்துக்கு முன்பே பல் போன பெண் என்று பேச்சு வந்துவிடக் கூடாதாம். இப்போது வலிப்புக்காரி என்றே வந்துவிடும் போலிருந்தது. தட்டு வேறு இன்னும் மாற்றவில்லை. மாப்பிள்ளை இளவரசுவை அவளுக்கு ரொம்பவும் பிடித்திருந்தது.

லோகநாயகி மெல்லத் தரையில் உட்கார்ந்து அவள் முகத்தருகே குனிந்தாள்.

சத்யப்பிரியா கண்ணைத் திறக்காமலே முடிவு செய்தாள். என்ன ஆனாலும் சரி, பொய்யோடு இவர்கள் வீட்டுக்குப் போகக் கூடாது.

"அத்த, மேல்தாடைல பல்லு கட்டிக்கிட்டேன். அதுலேர்ந்து குனிஞ்சா தல சுத்துது. உங்ககிட்ட மறச்சிட்டோம்."

லோகநாயகி எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டாள். வலது என்றாள் சத்யப்பிரியா. பிறகு அவளை மல்லாக்கப் புரட்டி, தலையை மடியில் வாங்கி, சற்றே பின்னுக்குத் தொங்கவிட்டு வலப்பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து இடப்பக்கம். அப்புறம் ஒருக்களிக்க வைத்து, நிதானமாகத் தூக்கி உட்கார வைத்தாள்.

மருமகளை இப்போதே மடியில் போட்டுக் கொஞ்சுகிறாள் என்று கூட்டம் சிரித்தது. போட்டோக்காரர் ஓடி வந்து படம் பிடித்தார்.

மண்டபம் சுற்றுவதை நிறுத்தியிருந்தது. சத்யப்பிரியா நம்ப முடியாமல் மாமியாரைப் பார்த்தாள்.

லோகநாயகி பூவைச் சரிசெய்கிற சாக்கில் அவள் காதருகே வந்தாள்.

"நானும் போன வருஷம் பல்லு கட்டிக்கிட்டவதான்டி. எனக்கும் இப்படித்தான் சுத்துச்சு, டாக்டரு இப்படித்தான் தலையத் திருப்பித் திருப்பி நிறுத்துனாரு. மாமாகிட்ட மட்டும் மூச்சு உட்றாத. எனக்கு அத்தனையும் சொந்தப் பல்லுன்னு மனுசன் இன்னும் ஊரெல்லாம் பீத்திக்கிட்டுத் திரியறாரு."