கதவைச் சாத்திய பத்தாயிரத்து நானூற்று மூன்று

எண்கள் குடியிருந்த ஊரில் ஒரு வழக்கம். பெரிய எண்ணை மிச்சமில்லாமல் வகுக்கிற சின்ன எண் எதுவோ, அதுதான் அந்த வீட்டுச் சொந்தம். ஒன்று எல்லா வீட்டுக்கும் பொது, அதைச் சேர்ப்பதில்லை. பத்தாயிரத்து நானூற்று மூன்றுக்கு இன்னும் சொந்தமே அமையவில்லை.

ஏழு வந்து வகுத்தது. ஒன்று மிஞ்சியது. "ஒண்ணே ஒண்ணுதானேக்கா, கண்டுக்காம விடேன்" என்று கெஞ்சியது.

"ஒண்ணுன்னாலும் மிச்சம் மிச்சந்தான்டா" என்று அழுதபடியே அனுப்பிவைத்தாள்.

ஈரிலக்கக்காரர்களில் கடைசியான தொண்ணூற்றொன்பதும் எட்டை மிச்சம் வைத்துவிட்டுக் கிளம்பியதும் அவளுக்கு வெறுத்துப்போயிற்று. 'நான் பகா எண்தான் போல' என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

கதவு தட்டும் சத்தம்.

"நூத்தியொண்ணு வந்திருக்கேன்க்கா. ஒரே ஒரு தடவை வகுத்துப் பாக்கட்டுமா?"

"அத்தனை பேரும் பாத்தாச்சு. இன்னொரு தரம் அழ எனக்குத் தெம்பில்லப்பா. போயிரு."

தெருவில் நூற்றொன்றுக்காக நூற்று மூன்று காத்து நின்றது. இந்த இருவரையும் பெருக்கினால் சரியாக அவள்தான், துளி மிச்சம் கிடையாது. அது மூவரில் ஒருவருக்கும் தெரியாது.

"என்ன சொன்னாங்க?"

"வேணாம்னுட்டாங்க."

"அப்ப நம்ம ஆளு இல்ல. வா, போவோம்."

கதவில் சாய்ந்து நின்றவளுக்கு இரண்டு பேர் நடந்து போகிற சத்தம் கேட்டது. வந்தது ஒருத்தர்தானே என்று கை தாழ்ப்பாள் வரைக்கும் போயிற்று. அப்புறம், காதுக்குத்தான் தப்பாகக் கேட்கிறது என்று கையை எடுத்துக்கொண்டாள்.