ஏரோது ராசா சாப்பிடுகிறார்

"இன்னொரு தரம்!" என்றார் இராயப்பன் மாஸ்டர்.

டோரீன் டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இது மூன்றாவது தரம். அதுவும் இன்றைக்கு மட்டும்.

யேசு பாலன் பிறந்த கதையைக் காட்டும் மாதா பள்ளிக்கூடத்து நத்தார் நாடகத்துக்கு இன்னும் பதினைந்தே நாள். சாமியார் வருவார். தேயிலைத் தோட்டத்துத் துரை வருவார். லயத்தில் குடியிருக்கிற தொழிலாளிச் சனம் மொத்தமும் வரும். டோரீன் வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம்தான். நாடகம் கெட்டுப்போனால் பழி புதுசாக வந்தவள் தலையில் விழும்.

சம்மனசுகளுக்கு இறக்கை தயார். வசனம் ஒரு வரி தெரியாது. இடையர்கள் இன்னும் மேடையே ஏறவில்லை. மாஸ்டர் பிடித்துக்கொண்டு தொங்குவதோ ஒரே காட்சி. ஏரோது ராசா விருந்து சாப்பிடுகிற காட்சி.

அதற்கு நிசச் சாப்பாடு வேறு. ரெண்டு ரொட்டி, சம்பல், அவித்த முட்டை.

ராசா யார்? நல்லமுத்து. நாலாம் வகுப்பு. எலும்பும் தோலும். கிரீடம் நெற்றியில் நிற்காமல் மூக்குக்கு வந்துவிடுகிறது.

"மாஸ்டர், தோட்டத்து ஆபீஸ் பெரிய கிளாக்கர் பையன் கொழுகொழுன்னு இருக்கான். ராசான்னா அவன் ராசா. இவனைப் பார்த்தா ஏரோதுவை யாரோ ஜெயில்ல போட்ட மாதிரி இருக்கு."

"கிளாக்கர் பையனுக்குச் சாப்பிடத் தெரியாது."

"அவனுக்கா?"

"கொறிக்கிறான். ராசா அள்ளிச் சாப்பிடணும். டேய் நல்லமுத்து, மெதுவா மென்னு சாப்பிடு. ராசாவை எவனும் விரட்டல."

தட்டு காலியானது.

"ஏரோது சாப்பிட்டதா வேதத்துல எங்க மாஸ்டர் இருக்கு?"

"இருக்கும். தேடுங்க."

சொல்லிவிட்டு, பாலில்லாத தேயிலைச் சாயத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்தார். கொஞ்ச நாளாக மத்தியானத்தில் அவருக்கு அதுதான். கேட்டால், வயிறு சரியில்லை என்பார்.

டோரீன் தேடினாள். நாலு சுவிசேஷமும் தேடினாள். பாலன் பிறந்த கதையில் ஏரோது எங்குமே சாப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேரே சாமியாரிடம் போய்ச் சொல்லிவிட்டாள்.

திங்கட்கிழமை சாமியார் வந்து நின்றார்.

"என்ன மாஸ்டர், உங்க ஏரோது தினமும் விருந்து சாப்பிடுறானாமே?"

"சுவிசேஷத்துல இருக்கு சாமி. ஸ்நாபக அருளப்பர் தலையை வெட்டின அன்னைக்கு."

"அது மகன் ஏரோது. யேசு பாலனைக் கொல்லத் தேடினவன் அப்பன் ஏரோது."

"அப்பன் சாப்பிடாமலா சாமி மகன் சாப்பிட்டிருப்பான்?"

சாமியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் வேதம் வேதம்.

"அந்தக் காட்சியை எடுத்திடுங்க மாஸ்டர்."

மாஸ்டர் டோரீனை ஒரு பார்வை பார்த்தார்.

அதற்கப்புறம் வேலை ஓடியது. ரெண்டே நாளில் சம்மனசுகள் வசனத்தைக் கடகடவென்று ஒப்பித்தன. ஏரோதுவுக்கு மிச்சம் ஒரு வரிதான். 'குழந்தைகளைக் கொல்லுங்கள்!' அதையும் நல்லமுத்து முனகினான்.

"சத்தமாச் சொல்லுடா! நீ ராசாவா, சீக்குக் கோழியா?" என்றாள் டோரீன்.

பிள்ளைகள் சிரித்தார்கள். நல்லமுத்துவும் சிரித்தான்.

புதன்கிழமை. மத்தியான மணி அடித்தது. பிள்ளைகள் பொட்டலத்தைப் பிரித்தார்கள். டோரீன் கை கழுவப் பீலிக்குப் போனாள்.

கொட்டுகிற மலைத்தண்ணீருக்குக் கீழே ரெண்டு கையையும் ஏந்திக் குடித்துக்கொண்டிருந்தான் நல்லமுத்து. நிறுத்தி மூச்சு வாங்கினான். மறுபடி குடித்தான்.

"டேய், சாப்பிட்டுட்டுத் தண்ணி குடி."

"இல்லீங்க டீச்சர்."

"என்ன இல்ல?"

அவன் வாயைத் துடைத்துக்கொண்டான்.

"ராசா சாப்பிடக் கூடாதுன்னு சாமியார் சொல்லிட்டாருங்களே."

டோரீன் கை கழுவவில்லை. விறுவிறுவென்று மாஸ்டர் அறைக்குப் போனாள். மேசையில் அவருடைய சாப்பாட்டுத் தூக்கு. மூடி திறக்கவில்லை. பக்கத்தில் சாயத்தண்ணி.

"ஏன் மாஸ்டர், எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"என்னத்தைச் சொல்ல? அவன் அப்பன் மாயாண்டியைத் துரை பேர் வெட்டி, வேலை போயி ரெண்டு மாசம் ஆகுது. பையன்கிட்ட என் ரொட்டியைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். சாயங்காலமே மாயாண்டி கொண்டாந்து இந்த மேசையில வச்சான். 'எம் மவன் படிக்க வாரான், பிச்சைக்கு வரலீங்க'ன்னான். சரிதானே? அப்புறம் என்ன பண்றது? ராசா வேசம் கொடுத்தேன். வேசத்தை வேணாங்கல."

"மன்னிச்சிடுங்க மாஸ்டர்."

"மறுபடி மணி அடிக்கப் போகுது. வகுப்புக்குப் போங்க."

மறுநாள் ஒத்திகை. டோரீன் கிரீடத்தைக் கழற்றிக் கிளாக்கர் பையன் தலையில் வைத்தாள். நல்லமுத்துவின் முகம் வாடிவிட்டது.

"இங்க வா. நீ இனிமே இடையன். இந்தக் கம்பளியைப் போர்த்திக்கிட்டு உட்காரு. ராத்திரி பூரா ஆட்டுக்குக் காவல் இருக்கணும். அப்ப இடையன் முதல்ல என்ன செய்வான்?"

"தூங்குவானுங்க டீச்சர்."

"போடா! சாப்பிடுவான்."

தன் தூக்கைத் திறந்து அவன் முன்னால் வைத்தாள். சோறு, பருப்பு, ஒரு துண்டுக் கருவாடு.

வாசலில் கனைப்புச் சத்தம். இராயப்பன் மாஸ்டர்.

"இடையன் கருவாடு தின்னதா வேதத்துல எங்க டீச்சர் இருக்கு?"

டோரீன் திரும்பவில்லை.

"இருக்கும் மாஸ்டர். தேடுங்க."