செல்லசாமி கேட்ட நியாயம்

"சேல கட்டியிருக்கிறது ஒரு தகுதியா? இத அப்பிடியே மனுவுல எழுது," என்றார் செல்லசாமி.

நாகலெட்சுமி பேனாவை நிறுத்தினாள். "அப்பிடியே எழுத முடியாதுண்ணே. 'பால் அடிப்படையிலான ஒதுக்கீடு'ன்னு போடுறேன்."

அது செல்லசாமிக்கும் பிடித்திருந்தது. கோபம் அவருடையது, தமிழ் அவளுடையது. அந்த லயத்து வரிசை வீடுகளில் மனு எழுதத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அவளும் அதே வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறாள் என்பது அவருக்குத் தெரியும். அதனாலென்ன, யார் கையால் எழுதினாலும் நியாயம் நியாயம்தானே.

விஷயம் இதுதான். பூண்டுலோயாப் பக்கம் இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் இரண்டு கங்காணி வேலை காலி. காலையில் பெரட்டுக்களத்தில், ஆட்களுக்கு வேலை பிரிக்கும்போது, பெரிய கிளாக்கர் சிதம்பரநாதன் கம்பெனிக் கடிதத்தை வாசித்தார். "இரண்டில் ஒன்று பெண்ணுக்கு" என்றதுமே செல்லசாமிக்குக் காது அடைத்துவிட்டது. 'அநியாயம்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு அப்போதே கிளம்பி வந்துவிட்டார்.

செல்லசாமியின் தாத்தா கங்காணி. அப்பா கங்காணி. அவர்கள் யாரும் பரீட்சை எழுதவில்லை. தாத்தா கண்ணை மூடினார், அப்பாவுக்கு வேலை வந்தது. அதற்குப் பெயர் தகுதி. நூறு வருஷமாகக் கொழுந்து பறிப்பது பெண்கள், பக்கத்தில் நின்று அதட்டுவது ஆண்கள். அதெல்லாம் ஒதுக்கீடு இல்லை, தானாக அமைந்தது. செல்லசாமியின் முறை வரும்போது பார்த்துத்தான் கம்பெனிக்குச் சமத்துவ ஞானம் பிறக்க வேண்டுமா?

ஒன்று மட்டும் நிஜம். இருபத்திரண்டு வருஷம் சரிவில் நின்று தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டியதில் அவருடைய முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. கத்தியைக் கீழே வைக்க அவருக்கு இந்த ஒரு வேலையை விட்டால் வேறு வழியில்லை.

"நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களாண்ணே? குடுத்தப்பறம் திருப்பி வாங்க முடியாது," என்றாள் நாகலெட்சுமி.

"ஒதுக்கீடு போயிட்டா ஒனக்குக் கெடைக்காதேன்னு பயம். பயப்படாம எழுது தங்கச்சி. ஆம்பளையா பொம்பளையான்னு பாக்கக் கூடாது. எல்லாருக்கும் ஒரே பரீட்சை. தெறமை இருக்கிறவனுக்கு வேலை."

"இருக்கிறவருக்குன்னு எழுதுறேன்," என்று சொல்லி எழுதி முடித்தாள். தோட்டத்தை நடத்துகிற தொரை வாசிப்பதற்காகச் சிங்களத்தில் ஒரு பிரதியும் எழுதிக் கொடுத்தாள்.

மறுநாள் கையெழுத்து வேட்டை. தோட்டத்து ஆண்களில் பாதிப் பேர் கொழும்பில் கடைகளில் நிற்கிறார்கள். மிச்சம் இருந்தவர்கள் நமக்கெதுக்கு வம்பு என்று நழுவினார்கள். கொழுந்து மலையில்தான் ஆச்சரியம் காத்திருந்தது. பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டார்கள். சர்மிளா ஒருத்தி மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "எங்களுக்காக இப்பிடி யாருண்ணே போராடுவா?" என்று கேட்டாள். நியாயத்தைச் சொன்னால் பெண்களுக்கும் புரியத்தான் செய்கிறது என்று செல்லசாமி நெகிழ்ந்து போனார்.

தொரை மனுவை ஏற்றுக்கொண்டார். ஒதுக்கீடு ரத்து, எல்லோருக்கும் ஒரே பரீட்சை என்று அறிவித்தார்கள். செல்லசாமி அன்றைக்கு மாரியம்மன் கோயிலில் தேங்காய் உடைத்தார்.

பரீட்சைக்கு வந்தவர்கள் ஒன்பது பேர். எட்டுப் பெண்களும் செல்லசாமியும். ஒரு கூடைக் கொழுந்தைக் கொட்டி நல்லதையும் முற்றியதையும் பிரிக்கச் சொன்னார்கள். எந்த மலையை எத்தனை நாளில் மறுபடி பறிக்கலாம் என்று கேட்டார்கள். கடைசியாக அன்றைய வேலையைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொன்னார்கள். தேயிலைச் செடியை வெட்டுவதில் செல்லசாமியை மிஞ்ச ஆள் கிடையாது. அதில் என்ன முளைக்கிறது என்று பார்க்கத்தான் அவருக்கு நேரம் கிடைத்ததில்லை. தாத்தா ரத்தம் ஓடுகிறதே, அது கைகொடுக்காமலா போகும் என்று தைரியமாக இருந்தார்.

வெள்ளிக்கிழமை பட்டியல் ஒட்டினார்கள். முதலாவது நாகலெட்சுமி. இரண்டாவது சர்மிளா. செல்லசாமியின் பெயரைத் தேடுவது சுலபமாக இருந்தது, கீழே இருந்து முதலாவது.

கொதித்துப்போய் ஆபீசுக்குள் நுழைந்தார். ரெண்டு பேரும் பொம்பளைகளா, இது எந்த ஊர் நியாயம் என்று சத்தம் போட்டார். மனுவில் கேட்டபடிதான் நடந்தது, வேண்டுமானால் விடைத்தாளைப் பார்க்கலாம் என்றார் சிதம்பரநாதன். விடைத்தாளைப் பார்க்கிற ஆசை செல்லசாமிக்கு இல்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்.

"மார்க்க விடுங்கய்யா. இந்தத் தோட்டத்துல ஆம்பளைங்களும் இருக்கோம்ல? ரெண்டுல ஒண்ண ஆம்பளைக்குன்னு ஒதுக்கி வச்சா கம்பெனி என்ன கொறைஞ்சா போயிரும்?"

சிதம்பரநாதன் கம்பெனியின் பழைய கடிதத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"ஒதுக்கித்தான் வச்சிருந்தாங்க செல்லசாமி. ஒண்ணு பொம்பளைக்கு, ஒண்ணு ஆம்பளைக்கு. ஆம்பளையில விண்ணப்பம் போட்டது நீங்க ஒருத்தருதான், அதனால பரீட்சைகூட இல்லாம உங்க நியமனக் கடிதத்த அடிச்சு வச்சிருந்தேன். உங்க மனு வந்த அன்னைக்குத்தான் கிழிச்சுப் போட்டேன்."