அஞ்சாவது பாட்டு

“அஞ்சாவது பாட்டுல கோட்டை விட்டுட்டாங்கடா, தம்பி!”

கதவைத் திறந்ததுமே அக்கா இப்படித்தான் ஆரம்பித்தாள். தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. அவன் கொடுத்துவிட்டுப் போன ஜெர்மன் மெட்டல் இசை ஆல்பத்தை அக்கா கேட்டிருக்கிறாள்! மூடியிருந்த உள்ளறைக்குள் இப்போதும் அதுதான் டங்கு டங்கென்று ஓடிக்கொண்டிருந்தது.

அக்கா டப்பா மூடி அடிக்கும் தொழிற்சாலையில் பிரஸ் மெஷின் ஓட்டுபவள். இப்போது விடுப்பில் இருக்கிறாள். “இந்தச் சத்தத்தைக் கேக்க எனக்குச் சம்பளம் தர்றாங்க. நீ எதுக்குடா காசு குடுத்துக் கேக்குற?” என்று இத்தனை வருடமும் அவனைக் கிண்டலடித்தவள். குடும்பத்தில் ஒரே ஒரு ஆளாவது தன் ரசனையை ஒத்துக்கொள்ள மாட்டாரா என்று அவன் ஏங்காத நாளில்லை.

“மத்த பாட்டெல்லாம் எப்படிக்கா?”

“மொத நாலும் பிரமாதம்! இரும்பை இரும்பால அடிக்கிற மாதிரி ஒரே சீரா போகுது. அந்த ஆளு பாடுறானா திட்டுறானான்னு தெரியல. ஆனா குரல் ஜெனரேட்டர் மாதிரி நின்னு உறுமுது.”

“ஐயோ அக்கா, அதேதான்!” அவனுக்கு அவளைத் தூக்கிச் சுற்ற வேண்டும் போலிருந்தது.

“அஞ்சாவதுல எதுக்குடா வயலின்? ஒரு பொண்ணு வேற வந்து கொஞ்சுறா. சுத்த சொதப்பல்!”

“விமர்சகருங்க எல்லாம் அந்தப் பாட்டைத்தான் தலையில தூக்கி வெச்சு ஆடுறாங்க.”

“அவங்களை ஒரு ராத்திரி இங்க வந்து இருந்து பாக்கச் சொல்லு. அப்புறம், ஏழுக்கும் எட்டுக்கும் நடுவுல ரொம்ப நேரம் சத்தமே இல்ல. எனக்கும் உங்க மாமாவுக்கும் உயிரே போயிடுச்சு.”

மாமாவுமா! அக்காவின் கண்கள் சிவந்து வீங்கியிருப்பதை அவன் அப்போதுதான் பார்த்தான். இசை ஆளை எப்படி உருக்கிவிடுகிறது என்று நினைத்ததும் அவனுக்கே கண் கலங்கியது.

“அந்த அஞ்சாவதைத் தூக்கிட்டு, மத்ததெல்லாம் விடாம ஓடுற மாதிரி பண்ணிக் குடுடா. இதே மாதிரி வேற இருந்தாலும் அள்ளிட்டு வா!”

“எல்லாத்தையும் கொண்டு வரேன்! நீ இப்படி ஒரு ரசிகையா மாறுவேன்னு நான் கனவுல கூட நினைக்கலக்கா!”

“ரசிகையா? நானா? எனக்குத் தலை வெடிக்குதுடா!” என்று அக்கா உள்ளறைக் கதவைத் தள்ளினாள். மாமா தரையில் சுருண்டு கிடந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். “எட்டாவது மாசம் வரைக்கும் பிரஸ் மெஷின் பக்கத்துலயே நின்னேன் இல்ல? உன் மருமகன் இந்த அடி விழுந்தாத்தான் கண்ணை மூடுறான். வயலின் வந்தா வீல்னு கத்துறான்!”

தொட்டிலில், தம்பி இத்தனை வருடம் ஏங்கிய அந்த ஒரே ஒரு ரசிகர், பொக்கை வாயைத் திறந்து வைத்துக்கொண்டு அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்.