மர்டோவின் இரண்டாவது கில்ட்

முதலில் தப்புச் செய்தவன் லாக்லன். அதில் மர்டோவுக்குத் துளிகூடச் சந்தேகம் கிடையாது.

அந்த ஸ்காட்லாந்து ஊரின் விளையாட்டு விழாவில் மக்கை குலத்துக் கொடியைப் பிடித்து முன்னால் நடந்துகொண்டிருந்தவர் மர்டோதான். பங்காளி லாக்லன் விழாக் கமிட்டிச் செயலாளர் ஆனான். ஆன கையோடு மதுக்கடையில் எல்லோர் முன்னாலும் சொன்னான்:

"இவன் காலை இழுத்து இழுத்து நடக்கிறதைப் பார்த்தா நம்ம குலமே நொண்டிக்கிட்டுப் போற மாதிரி இருக்கு. இந்த வருஷம் கொடி வேற ஆளுக்கு."

ஆறு வருடம் ஆயிற்று. இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை.

அன்றிலிருந்து மர்டோவுக்குக் கடைசி வரிசை. ஆனால் அவர் இடுப்பில் எட்டு கஜம் கம்பளியில் பின்பக்கம் கொசுவம் வைத்துத் தைத்த முட்டிப் பாவாடையான கில்ட் இருக்கும். கொடி முன்னால் போகும். ஊர்க் கண்ணெல்லாம் பின்னால் திரும்பும். அந்த ஒரு நாளுக்காகத்தான் மனிதர் வருடம் முழுக்கக் காத்திருப்பார்.

அப்பேர்ப்பட்டவர், இந்த வருடம் விழா நெருங்கும் சமயத்தில் தையல்காரி இஷ்பெல் கடையில் போய் நின்றார்.

"இருக்கிறதுலயே விலை கம்மியா ஒரு கில்ட் எடும்மா. நம்ம குலத்துக் கட்டம் போட்டது."

இஷ்பெல் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "யாருக்கு?"

"எனக்குத்தான்."

"ஏண்ணே, அந்த நல்லது என்னாச்சு? பூச்சி அரிச்சிருச்சா?"

"உன் வாயைத்தான் பூச்சி அரிக்கணும். அது நல்லாத்தான் இருக்கு. இது ரெண்டாவது. மழைக்கு, சேத்துக்கு."

அவள் ஒன்றை எடுத்து விரித்தாள். "இது கலப்புக் கம்பளி. அஞ்சு கஜம்."

"இன்னும் கம்மியா?"

"இதோ, முழுக்கச் செயற்கை நூல். வெயில்ல பளபளன்னு காட்டிக் கொடுத்துடும்."

"நம்ம ஊர்ல என்னைக்கு வெயில் அடிச்சுது? அதையே கொடு."

கட்டிக்கொண்டு முட்டி போட்டுக் காட்டச் சொன்னாள். ஓரம் தரையில் படாமல் நின்றால் அளவு சரி. மர்டோ முனகிக்கொண்டே முட்டி போட்டார். அளவு சரிதான்.

"என்னம்மா, ஒண்ணுமே கட்டாத மாதிரி லேசா இருக்கு?"

"விலைக்குத் தக்க கனம். காத்தடிச்சா ரெண்டு கையாலயும் பிடிச்சுக்குங்க. உள்ள ஒண்ணும் போட மாட்டீங்களே!"

"அது என் சங்கதி."

பையில் போட்டுக் கொடுக்கும்போது இஷ்பெல் கொஞ்சம் தணிந்த குரலில் சொன்னாள்: "விழாவுக்கு மட்டும் இதோட வந்துடாதீங்கண்ணே. அந்த லாக்லன் வாயில விழ வேண்டாம்."

மர்டோ பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு கிளம்பினார்.

விழாவுக்கு அதோடுதான் வந்தார்.

காற்றும் சும்மா இருக்கவில்லை. கடைசி வரிசையில் ஒரு கையால் கில்ட்டை அமுக்கிக்கொண்டு நடந்தார். யாரும் அழகு பார்க்கத் திரும்பவில்லை. திரும்பியவர்கள் சிரித்தார்கள்.

பீர்க் கூடாரத்து வாசலில் லாக்லன் பிடித்துக்கொண்டான்.

"என்னடா மர்டோ, சாப்பாட்டு மேஜை விரிப்பைச் சுத்திக்கிட்டு வந்திருக்கே?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"நல்லதைப் பெட்டியில பூட்டி வெச்சிருக்கியா? மேல போகும்போது கட்டிக்கிட்டுப் போகப் போறியா, கஞ்சப்பயலே?"

மர்டோவின் காது சிவந்தது. நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினார்.

"உன் பொண்ணு மேடை ஏறுறா. வாயை மூடிக்கிட்டு அதைப் பாரு."

லாக்லனின் மகள் கிர்ஸ்டி பேக்பைப் என்ற துருத்தி வாத்தியத்துடன் ஏறினாள். அந்தப் போட்டியில் உடை முறையாக இல்லாவிட்டால் மேடைப் படியிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். கிர்ஸ்டி ஒரு குறையும் இல்லாமல் வந்திருந்தாள். மெல்ல நடந்தபடியே வாசித்தாள். ஒவ்வொரு திருப்பத்துக்கும் கில்ட்டின் பின்கொசுவம் விரிந்து, ஒரு வீச்சு வீசி, மறுபடி வந்து படிந்தது.

முதல் பரிசு அவளுக்கு.

லாக்லன் தொப்பியைக் கழற்றி வீசினான். "பாருங்கடா என் பொண்ணை! பாருங்கடா அந்தக் கொசுவத்தை! என் காசு போட்டு வாங்கினது. மர்டோ, நீயும் நல்லாப் பாத்துக்கோ, கில்ட்டுன்னா எப்படி இருக்கணும்னு!"

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

மர்டோவின் நெஞ்சு நிமிர்ந்திருந்தது. ஏன் என்று லாக்லனுக்குப் புரியவில்லை. மகளைக் கட்டிக்கொள்ள ஓடினான்.

அவன் போனதும் அவன் மனைவி உனா பக்கத்தில் வந்து நின்றாள். யார் பார்க்கிறார்கள் என்று சுற்றிலும் பார்த்துக்கொண்டாள்.

"அண்ணே, அவ கில்ட்டை நான் வாஷிங் மெஷின்ல போட்டுப் பொம்மைக்குக் கட்டுற அளவுக்குச் சுருக்கிட்டேன்னு இவருக்கு இன்னும் தெரியாது. நல்லவேளை, உங்க இடுப்பும் அவ இடுப்பும் ஒண்ணாப் போச்சு. திங்கக்கிழமை உங்களோடதைப் பின்வாசல் வழியா கொண்டுவந்து கொடுத்துடறேன்."

"அவசரமில்லை. அடுத்த போட்டிக்கும் அவளே கட்டிக்கட்டும்." மர்டோவின் கண் இன்னும் மேடையில்தான் இருந்தது. "நாம கட்டியிருக்கும்போது பின்கொசுவம் நம்ம கண்ணுக்கா தெரியுது? என் கில்ட் இவ்வளவு அழகுன்னு இன்னைக்குத்தான் எனக்கே தெரிஞ்சுது."

உனாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "உங்களை அவர் அப்படிப் பேசும்போது எனக்குத் தாங்கலை. இப்பவே போய் அவர்கிட்ட சொல்லிடட்டுமா?"

"வேண்டாம்மா. சொன்னா ஓடி வந்து நன்றி சொல்லிட்டு, கணக்குத் தீர்ந்துதுன்னு போயிடுவான். அவன் எனக்குத் தர வேண்டியது நன்றி இல்லை, மன்னிப்பு."