காரின் ரகசிய எண்

சைபர் பாதுகாப்பு இளங்கலையை வீட்டிலிருந்தபடியே ஆன்லைனில் படித்த ஆரோக்கியராஜுக்குக் கடைசித் தாள் ஒன்றுதான் பாக்கி. தன் காரின் ரகசிய எண்ணை மாலைவரை யார் கேட்டாலும், மனைவியே கேட்டாலும், சொல்லக் கூடாது. அவ்வளவுதான் தேர்வு. இரண்டு தடவை கோட்டை விட்டிருந்தான். வகுப்பில் முதல் தடவையே தேறியவன் ஒருவன்தான். அந்த ஒருவனோடு அவன் வீட்டில் இப்போது யாரும் பேசுவதில்லை.

மத்தியானம் போன் அடித்தது. நிறைமாத மனைவி ஸ்டெல்லாவின் குரல்.

“என்னங்க, செக்கப்புக்குப் போற வழியில கார் நின்னுடுச்சு. கதவு திறக்க மாட்டேங்குது. வலி எடுக்குதுங்க, நம்பரைச் சொல்லுங்க!”

அவள் காரில் போனது உண்மை. ஆனால் அது கல்லூரிக்கும் தெரியும்; அவள் குரலிலேயே பேசவும் தெரியும். வீட்டு மிக்ஸிவரை ஒட்டுக்கேட்கச் சம்மதித்துத்தான் சேர்ந்திருந்தான். திருப்பிக் கூப்பிட்டுப் பார்க்கலாமென்றால், தேர்வு முடியும்வரை அவன் போனிலிருந்து யாரையும் அழைக்க முடியாது.

“நம்ம முதல் சண்டை எதுக்கு?”

“பனங்கிழங்குக்கு. மூச்சு முட்டுதுங்க… பிள்ளை அசையவே இல்ல.”

நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு இது பரீட்சைதான் என்று அவனுக்குத் தெரியும். மிச்ச ஒரு பங்கை வைத்துக்கொண்டு அவனால் நிற்க முடியவில்லை. எண்ணைச் சொல்லிவிட்டான்.

“தேர்ச்சி இல்லை. அடுத்த வாய்ப்பு நவம்பரில்,” என்றது ஸ்டெல்லாவின் அதே குரல்.

தரையில் உட்கார்ந்து சிலுவை போட்டுக்கொண்டான். போனின் பூட்டு விலகியதும் அவளைக் கூப்பிட்டான்.

“மறுபடியும் ஃபெயிலா? ஒரு நம்பரைச் சொல்லாம இருக்கத் துப்பில்ல, இவரு ஊரைக் காப்பாத்தப் போறாராம்!”

“நிறுத்தாத, ஸ்டெல்லா,” என்றான். “திட்டிக்கிட்டே இரு.”