முகமூடியைக் கழற்றலாமா?

கடையைப் பூட்டிவிட்டு வந்த தையல்காரர், தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு கைபேசியைத் திறந்தார். ரசிகர் குழுவில் ‘கழுகுக்கண்’ எழுதியிருந்தார்.

“காமிக்ஸ்ல நம்ம ஹீரோ ஒரு தடவைகூட முகமூடியைக் கழட்டினதில்ல. படத்துல கழட்ட வச்சு மானத்தை வாங்கிட்டாங்க.”

“நடிகர் முகம் தெரியலைன்னா யாருங்க டிக்கெட் வாங்குவாங்க?” என்று தட்டினார் தையல்காரர்.

படம் வந்த நாளிலிருந்து இதே சண்டை. குழுவில் மற்றவர்கள் வேறு படங்களுக்குப் போய்விட்டார்கள். இவர்கள் இருவர்தான் மிச்சம். முகம் பார்த்ததில்லை, பெயரும் தெரியாது.

இன்று பதில் தாமதமாக வந்தது.

“யோசிச்சுப் பார்த்தேன் சார். நீங்க சொல்றதுதான் சரி. இனிமே இதுல பேச ஒண்ணுமில்ல.”

ஜெயித்தவருக்குச் சோறு இறங்கவில்லை. இந்தக் கைபேசிக்கு வேறு யாரும் எதுவும் அனுப்புவதில்லை.

அவசரமாகத் தட்டினார்: “நானும் யோசிச்சேன். நீங்க முன்னாடி சொன்னதுதான் சரி. கழட்டியிருக்கவே கூடாது.”

அது பொய்யில்லை. அந்தக் காட்சி வந்ததுமே கோபத்தில் தியேட்டரைவிட்டு எழுந்து வந்தவர் அவர்.

கைபேசி உடனே சிணுங்கியது.

“அதெப்படிங்க கூடாதுன்னு சொல்வீங்க?”

தையல்காரர் சோற்றைப் பிசைந்தார்.